மூன்றாவது இலையில் கருகும் நாற்று
உவர்நீர் ஊர்களில் நாற்றங்கால் போடுகிறவர்களுக்கு

"முளைப்பு பிரமாதமா இருந்துச்சு. பன்னெண்டாம் நாள்தான் இலை நுனி கருக ஆரம்பிச்சுது. இருபதாம் நாள் பார்த்தா பாதி நாத்தங்கால் வெளுத்துப் போச்சு. விதை சரியில்லையா, தண்ணி சரியில்லையா, இல்ல நாங்கதான் சரியில்லையா?"

நமது கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பம்பட்டிலிருந்து வந்த கடிதத்தில் இருந்த வரிகள் இவை. நாலு வரியில் பதில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நவரைப் பட்டத்திலும் இதே கேள்வி ஏதாவது ஒரு கையெழுத்தில் வந்துகொண்டே இருக்கிறது. நேரில் பார்த்துவிடலாம் என்று கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினேன். மீஞ்சூருக்கு அடுத்த நிறுத்தம் அனுப்பம்பட்டு. அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. வழி நெடுக ஒரு பக்கம் கழனி, ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு.

கடிதம் எழுதியவருக்கு ஒன்றரை ஏக்கர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணவனும் மனைவியுமாகத்தான் விவசாயம். 12 சென்ட்டில் நாற்றங்கால் போட்டிருந்தார்கள். எட்டு சென்ட் ஒரு பாத்தி, நாலு சென்ட் ஒரு பாத்தி. எட்டு சென்ட் பாத்திதான் கருகியது. பக்கத்து ஊரிலிருந்து நாற்று விலைக்கு வாங்கி, ஏற்றிவந்து, நடவு ஆட்களுக்கு இரண்டாம் தடவை கூலி கொடுத்து நட்டிருக்கிறார்கள். அதற்காக அந்த அம்மாவின் செயின் கூட்டுறவு வங்கிக்குப் போயிருக்கிறது. "விதைக்கடைக்காரனை நாலு கேள்வி கேக்கணும்னு கிளம்பிட்டார். நான்தான் முதல்ல லெட்டர் போடுங்கன்னு நிறுத்தினேன்" என்றார் அவர்.

அவர் நிறுத்தியது நல்லதாயிற்று. விதையின் மேல் தப்பில்லை என்பதற்கான சாட்சி அந்தக் கழனியிலேயே இருந்தது.

"அந்த நாலு சென்ட்டு மட்டும் எப்படிம்மா தப்பிச்சுது?" என்று கேட்டேன்.

"அது அஞ்சு நாள் தள்ளித் தெளிச்சது. தெளிச்ச அன்னிக்கே மோட்டார் காயில் போயிடுச்சு. கட்டி வர்றதுக்குப் பத்துப் பதினஞ்சு நாள் ஆச்சு. அதுவரைக்கும் தாங்கல்ல இருந்து குடத்துல மொண்டு மொண்டு ஊத்தினேன். இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

ஒரே மூட்டை விதை. ஒரே மண். ஒரு பாத்திக்கு முதல் நாளிலிருந்து போர்த் தண்ணீர். இன்னொன்றுக்கு முதல் இரண்டு வாரம் மழை நிரப்பிய தாங்கல் தண்ணீர், அப்புறம்தான் போர்த் தண்ணீர். எந்த ஆராய்ச்சி நிலையமும் இதைவிடத் தெளிவாக ஒரு சோதனை வைத்துக் காட்ட முடியாது. மோட்டார் ரிப்பேர் ஆனதை நஷ்டக் கணக்கில் எழுதியிருந்தார்கள். உண்மையில் அரை ஏக்கருக்கான நாற்றைக் காப்பாற்றியது அந்த ரிப்பேர்தான்.

முளைப்பு ஏன் ஏமாற்றுகிறது?

நெல் உப்பைத் தாங்கும் பயிரா என்று கேட்டால், எந்த வயதில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். முளைக்கும்போது நன்றாகவே தாங்கும். தூர் கட்டும் சமயத்திலும், கதிர் முற்றும் சமயத்திலும் ஓரளவு தாங்கும். தாங்காத சமயங்கள் இரண்டு. ஒன்று, இரண்டு மூன்று இலை விடும் நாற்றுப் பருவம். மற்றொன்று, கதிர் உருவாகிப் பூக்கும் பருவம்.

முளை வரும்போது குருத்துக்குத் தேவையான உணவு நெல்மணிக்குள்ளேயே இருக்கிறது. குழந்தை தாய்ப்பாலில் இருக்கும் காலம் மாதிரி. மூன்றாவது இலை வரும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்துபோய், வேர் சொந்தமாக உறிஞ்சிச் சாப்பிட ஆரம்பிக்கும். பத்து முதல் பதினான்கு நாள் வாக்கில் நடப்பது இது. சரியாக அந்த நேரத்தில் மண்ணில் உப்பு இருந்தால், உணவோடு உப்பும் ஏறும். வளர்ந்த பயிருக்கு ஒரு தந்திரம் உண்டு. ஏறிய உப்பைக் கீழே இருக்கிற மூத்த இலைகளிலும் இலையுறையிலும் தள்ளி வைத்துக்கொண்டு குருத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். மூன்று இலை நாற்றுக்கு மூத்த இலை எங்கே இருக்கிறது? அதனால்தான் நுனி கருகி, இலை சுருண்டு, வெளுத்துப் போகிறது. "முளைப்பு பிரமாதமா இருந்துச்சு, அப்புறம்தான் போச்சு" என்று கடிதத்தில் இருந்த வரி, உப்பு நோயின் அடையாளத்தை அப்படியே சொல்லிவிட்டது.

மண்ணின் உப்பை மின்கடத்துத் திறன், அதாவது ஈ.சி. என்ற அளவில் சொல்கிறார்கள். மண்ணில் இது 3 டெசிசைமன் வரை இருந்தால் நெல்லுக்குப் பாதகமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு அலகு ஏறும்போதும் விளைச்சலில் சுமார் 12 சதவிகிதம் குறையும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கணக்கு. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, மண் பரிசோதனை நிலையத்திலோ மண்ணையும் தண்ணீரையும் கொடுத்து இந்த அளவைத் தெரிந்துகொள்ளலாம். மண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு பாட்டில் போர்த் தண்ணீரும் கூடவே போகட்டும்.

இந்தப் பகுதியின் தண்ணீர் பிறவியிலேயே உப்பு இல்லை. கொசஸ்தலை, ஆரணியாற்றுப் படுகையின் மணல் அடுக்கில் நல்ல நீர் நிறைந்திருந்த பூமி இது. சென்னைக்கும் ஆலைகளுக்கும் 1960களிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டிப் பகுதிக் கிணறுகளிலிருந்து இறைத்துக்கொண்டே இருந்தார்கள். விவசாயத்துக்கும் இறைத்தோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். நிலத்தடியில் நல்ல நீர் இறங்க இறங்க, கடல்நீர் உள்ளே ஏறிக் கரையிலிருந்து பல கிலோமீட்டர் வந்துவிட்டது. காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த ஆலை, கடல்நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் நன்னீர் எடுத்துச் சென்னைக்குத் தருவதற்காகக் கட்டப்பட்டது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் கழனிக்காரர் போரில் உப்புத் தண்ணீர் இறைக்கிறார்.

சின்னக் கஷ்டம் நல்லதுதானே?

நான் விளக்கிக்கொண்டிருந்தபோது கணவர் ஒரு கேள்வி கேட்டார். "நாத்தைக் கொஞ்சம் காயப்போட்டு வளத்தா உரம் ஏறும்னு எங்கப்பா சொல்வாரே. அதான் நான் நடுவுல ரெண்டு தடவை தண்ணியை வடிச்சுக் காயவிட்டேன்."

அவர் அப்பா சொன்னது தப்பில்லை. இளமையில் பட்ட சின்னக் கஷ்டம் செடியின் உடம்பையே மாற்றி அமைக்கும். தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் வேரிலிருந்து இலைக்குத் தகவல் போகிறது. அப்சிசிக் அமிலம் என்ற ஊக்கி சுரந்து, இலையின் மூச்சுத் துளைகளை மூடி, மேல் வளர்ச்சியை நிறுத்தி, வேரை ஆழத்துக்கு அனுப்புகிறது. அப்படி ஒரு தடவை பழகிய செடி, அடுத்த தடவை வறட்சி வரும்போது சீக்கிரம் சுதாரித்துக்கொள்ளும். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்கு நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, நிழல்வலையை எடுத்துவிட்டு வெயில் காட்டுவது இதற்குத்தான். புழுதி விதைப்புக்காரர்கள் விதை நெல்லை 1 சத பொட்டாசியம் குளோரைடு கரைசலில், அதாவது லிட்டருக்கு 10 கிராம் போட்டு, 16 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்தி விதைப்பதும் இதே கணக்குதான். விதை ஒரு தடவை விழித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறது. மழை வந்ததும் மற்ற விதைகளுக்கு முன்னால் எழுந்துவிடும்.

தண்ணீர்தான் என்றில்லை. கர்நாடகத்தின் ஹாவேரிப் பக்கம் 'குளி ராகி' என்று ஒரு பழைய முறை இருக்கிறது. குழியில் கேழ்வரகு நாற்றை நட்டு, பயிர் இளசாக இருக்கும்போதே 'கொரடு' என்ற மரக்கட்டையை மாடு பூட்டி அதன் மேலேயே இழுப்பார்கள். பார்ப்பவர்களுக்குப் பதறும். பயிர் சாய்ந்து, தண்டு நசுங்கி, அடுத்த சில நாளில் அடிக்கணுவிலிருந்து தூர் வெடித்துக் கிளம்பும். ஜப்பானில் குளிர்காலத்தில் கோதுமை, வாற்கோதுமை நாற்றுகளைக் காலால் மிதித்துவிடுவார்கள். தொட்டுத் தொட்டு அசைத்த செடி குட்டையாக, தடிமனாக வளரும் என்பதற்கு 1973-ல் மார்டிகை ஜாஃபி என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு பெயரே வைத்தார். கொரடு இழுத்தவர்கள் பெயருக்காகக் காத்திருக்கவில்லை.

ஆக, கஷ்டம் கொடுப்பது சரி. எந்தக் கஷ்டம், எந்த மண்ணில் என்பதுதான் விஷயம். நல்ல மண்ணில் நாற்றங்காலைக் காயவிட்டால் செடிக்குத் தண்ணீர் மட்டும்தான் குறையும். உவர் மண்ணில் காயவிட்டால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு அப்படியே நின்றுவிடும். அரை அங்குல ஈரத்தில் பரவிக் கிடந்த உப்பு, மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்து வேருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். ஒரு கஷ்டம் கொடுக்க நினைத்து மூன்று கஷ்டம் கொடுத்ததாகிவிடும். 'காய்ச்சலும் பாய்ச்சலும்' நெல்லுக்கு நல்லது என்ற பேச்சை உப்புத் தண்ணீர் ஊரில், நாற்றுப் பருவத்தில் மட்டும் மறந்துவிடுங்கள்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நான்தான் கெடுத்தேனா?" என்றார். பாதிக் கெடுதல் தண்ணீரில் ஏற்கெனவே இருந்தது. அப்பா காலத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது, அதனால் அந்த யோசனை பலித்தது. இன்றைக்குத் தண்ணீர் மாறிவிட்டது.

இதை மீன்பிடி கிராமத்துக்காரர்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். இறால் குஞ்சு வந்த பையை அப்படியே குட்டையில் கவிழ்த்தால் குஞ்சு செத்து மிதக்கும். பையைக் கட்டோடு குட்டை நீரில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்துப் பழக்கித்தான் விடுவார்கள். அந்த அம்மா குடத்தில் ஊற்றி வளர்த்த நாற்றுக்கு நடந்ததும் அதுதான். நாலாவது, ஐந்தாவது இலை வந்த பிறகு உப்பைச் சந்தித்தது. அதற்குள் அதற்குத் தெம்பு வந்திருந்தது.

சுரபுன்னை மரத்தின் வித்து கீழே விழுவதற்கு முன்பே தாய்மரத்தில் தொங்கியபடியே முளைத்து, ஒரு முழம் நீண்ட பிறகுதான் சேற்றில் இறங்குகிறது. உப்பில் பிள்ளை வளர்க்கத் தெரிந்த மரம்.

அடுத்த நாற்றங்காலை எப்படிப் போடுவது?

ஏக்கருக்கு நாற்றங்கால் 8 சென்ட்தான் என்பதைத் திரும்பத் திரும்ப நினைவில் வையுங்கள். ஒரு ஏக்கருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர நம்மால் முடியாது. எட்டு சென்ட்டுக்கு முதல் பதினைந்து நாள் கொண்டுவரலாம். நவரைக்கு மார்கழி வாக்கில் நாற்று விடும்போது வடகிழக்குப் பருவமழை முடிந்து தாங்கலும் குட்டையும் நிறைந்துதான் இருக்கும். கழனிக்குப் பக்கத்தில் நாற்றங்கால் போடும் பழக்கத்தை விட்டு, தாங்கலுக்குப் பக்கத்தில் யாருடைய மேட்டு நிலத்திலாவது போடுங்கள். ஒரு பட்டத்துக்கு இடம் கேட்டால் கொடுக்காத பங்காளி குறைவு. குடத்தில் ஊற்றி யாரும் இடுப்பை ஒடித்துக்கொள்ள வேண்டாம். வாடகைக்கு ஒரு டீசல் பம்பும் ஓஸும் போதும்.

அது முடியாதவர்கள், போர்த் தண்ணீரைத்தான் விட வேண்டும் என்றால், நாற்றங்காலில் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கட்டும். காயவே விடாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பழைய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டுங்கள். வடிகால் இல்லாத பள்ளத்தில் உவர்நீர் நாற்றங்கால் போடவே கூடாது.

அடுத்தது நாற்றின் வயது. மூன்று மாதப் பயிருக்கு மூன்று வார நாற்று, நாலு மாதப் பயிருக்கு நாலு வார நாற்று என்பது பொதுக் கணக்கு. ஒற்றை நாற்று நடவில் 14 நாள் நாற்றையே நடுகிறோம். மடகாஸ்கரில் ஹென்றி டி லாலானி என்ற பாதிரியார் 1983-ல் கண்டுபிடித்துச் சொன்ன முறை அது. நல்ல மண்ணில் அற்புதமாகத் தூர் கட்டும். ஆனால் உவர் நிலத்தில் இதைச் செய்தால், உப்பைத் தாங்கவே தெரியாத வயதில் பிள்ளையைக் கொண்டுபோய் உப்பில் விட்டதாகிவிடும். உவர் நிலத்துக்கு 30 முதல் 35 நாள் நாற்றுதான் சரி. வயதான நாற்று தூர் குறைவாகக் கட்டும், அதனால் குத்துக்கு மூன்று நான்கு நாற்று வைத்து, இடைவெளியையும் கொஞ்சம் நெருக்கிக்கொள்ள வேண்டும். விதையும் அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 35 நாள் நாற்றை 105 நாள் ரகத்தில் நட்டால், தூர் கட்டுவதற்குள் கதிர் வந்துவிடும். எனவே சம்பாப் பட்டத்தில் திருச்சி 1, திருச்சி 3, கோ 43 போன்ற உப்பைத் தாங்கும் மத்தியகால ரகங்களை முதிர்ந்த நாற்றாக நடுங்கள். மழை உப்பைக் கழுவும் பட்டமும் அதுதான். நவரையில் குறுகியகால ரகம்தான் என்றால், நல்ல தண்ணீரில் வளர்த்த 25 நாள் நாற்றைத் தாண்டிப் போக வேண்டாம். நல்ல தண்ணீருக்கு வழியே இல்லாத வருஷம் அந்தப் பட்டத்துக்கு நெல்லை விட்டுவிடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

பாரம்பரிய ரகம் தேடுகிறவர்களுக்கு, குழியடிச்சான், களர்பாலை, உவர்முண்டான் ஆகியவை பெயரைக் கேட்டாலே எந்த மண்ணுக்கு என்று புரியும் ரகங்கள். கேரளத்தின் பொக்காளி நெல்லும் இந்த வம்சம்தான். மழைக்காலத்தில் நெல், அது முடிந்ததும் அதே வயலில் இறால் என்று எர்ணாகுளம், ஆலப்புழைப் பக்கம் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். நாற்றுப் பருவத்தில் உப்பைத் தாங்க வைக்கும் 'சால்டால்' என்ற மரபுப் பகுதியை விஞ்ஞானிகள் எடுத்ததே பொக்காளியிலிருந்துதான்.

ஜிப்சம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளையாகப் பூத்த மண் எல்லாவற்றுக்கும் ஜிப்சம் மருந்து என்று விற்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டு நிலத்துக்கே ஒரு கடையில் அப்படிச் சொல்லி பத்து மூட்டை ஏற்றிவிட்டார்கள், நானும் படித்தவன் மாதிரி தலையாட்டி வாங்கி வந்தேன். களர் வேறு, உவர் வேறு. களர் மண்ணில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும், அதற்குத்தான் ஜிப்சம். உவர் மண்ணில் உப்பு கரைந்தே கிடக்கிறது. அதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் மூட்டை வாங்காதீர்கள்.

நான் கிளம்பும்போது அந்த அம்மா, நாலு சென்ட் நாற்று நட்ட மூலையைக் காட்டினார். விலைக்கு வாங்கி நட்ட இடத்தைவிட ஒரு சாண் உயரமாக, கரும்பச்சையாக நின்றது. "அடுத்த வருஷம் தாங்கல் ஓரமா எங்க நாத்தனார் மேட்டுல போடப்போறோம். கேட்டுட்டேன்" என்றார்.

இதே விஷயத்தில் வந்த இன்னொரு கேள்வி

'உத்தராகண்டில் கஞ்சா இனச் செடியை நாருக்காக வளர்க்க அரசே அனுமதி கொடுக்கிறதாமே. பழவேற்காடு மணல் பூமியில் அதைப் போடலாமா? நாற்றிலேயே ஆண் செடி, பெண் செடியை மாற்றலாம் என்கிறார்களே, உண்மையா?'

போடக் கூடாது. உத்தராகண்ட் 2018-ல் உரிமம் கொடுக்க ஆரம்பித்தது, போதைப் பொருள் 0.3 சதவிகிதத்துக்கும் குறைவாக உள்ள ரகங்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு அப்படி உரிமம் இல்லை. 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் தடுப்புச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வளர்த்தால் பத்து வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. யாராவது விதை கொண்டுவந்து கொடுத்து "நாருக்குத்தான்" என்றால் வாங்காதீர்கள். நாம் மடக்கி உழும் சணப்பு வேறு செடி, அது பயறு வகை. உவர் மண்ணுக்கு அதைவிடத் தக்கைப்பூண்டு பொருத்தம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், உண்மைதான். அந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி. பெண் செடிக்கு நெருக்கடி வந்தால் அதிலேயே ஆண் பூ வருவதுண்டு. ஆனால் இதைப் பார்க்க நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் வீட்டுப் பந்தலிலேயே நடக்கிறது. பூசணி, பீர்க்கு, பாகல் கொடிகள் கடும் வெயிலில், நீண்ட பகலில் ஆண் பூவாகப் பூத்துத் தள்ளும். "பூக்குது, காய்க்கல" என்று நமக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி சித்திரை, வைகாசியில்தான் வரும். பூவின் பால் தீர்மானமாவது கொடி இளசாக இருக்கும்போதே என்பதால், வைத்தியமும் அப்போதே செய்ய வேண்டும். பீர்க்கு, பூசணிக்கு 10 லிட்டர் தண்ணீரில் 2.5 மில்லி எத்ரல் கலந்து, விதைத்த 15-ஆம் நாளில் ஆரம்பித்து வாரம் ஒரு தடவையாக நான்கு தடவை தெளித்தால் பெண் பூ கூடும். கொடி பந்தல் ஏறி ஆண் பூவாகக் கொட்டிய பிறகு தெளிப்பது வீண் செலவு. அடுத்த வருஷம் விதைப்பை மாசியை ஒட்டி முன்னால் தள்ளிப் பாருங்கள்.